கறுப்புப் புள்ளி வைத்த இடம்

சாலவாக்கம்,
3.3.2024

அன்புள்ள மாமாவுக்கு ஷாரோன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அத்தைக்கு முட்டி வலி குறைந்து மறுபடி நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். உங்கள் இருமல் விட்டதா? கூச்சப்படாமல் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

செவ்வாய்க்கிழமை சிறையில் மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தபோதே சொல்ல நினைத்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர் நின்றுகொண்டு கத்தும்போது ‘சாப்பிட்டீங்களா’ என்பதற்கு மேல் என்ன பேச முடிகிறது? யாரோ செல்போன் ஒளித்து வைத்தான் என்று உங்கள் பிளாக்குக்கே போன் பூத்தை மூடிவிட்டார்கள். அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் தடவையாக இத்தனை நீளக் கடிதம் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் திலகா அக்கா ஒரு ஏஜென்சி பற்றிச் சொன்னார்கள். அயர்லாந்துக்கு நர்ஸ் எடுக்கிறார்களாம். முதலில் ஒரு இங்கிலீஷ் தேர்வு எழுத வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றையும் சமாளித்துவிடுவேன். நாலாவது பேச்சு. அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ‘உன் வார்த்தை எல்லாம் ஒரே நீளமா வருது, எதைப் பிடிச்சிக்கிறதுன்னு தெரியலை’ என்கிறார் எங்கள் டாக்டரம்மா. போனில் ஒரு ஆப் இருக்கிறது, தட்டினால் வார்த்தையைச் சொல்லிக் காட்டும். திரும்பத் திரும்பக் கேட்கிறேன். என் காதுக்கு எல்லா எழுத்தும் ஒரே எடைதான்.

சென்னையில் கால் சென்டரில் எட்டு வருஷம் நீங்கள் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே? கல்யாணமாகி ஒரே வீட்டில் இருந்தபோது ஒரு நாளாவது கேட்டேனா! இப்போது கேட்கிறேன். ஹாஸ்பிடல், எமர்ஜென்சி, மெடிகேஷன், ஆபரேஷன், எக்சாமினேஷன். இந்த ஐந்தையும் எங்கே அழுத்த வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். பாஸாகிறேனோ இல்லையோ, முயற்சி செய்து பார்க்கிறேன். போவதா வேண்டாமா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு செவ்வாயும் நான் ‘வரேன் மாமா’ என்றால் நீங்கள் ‘சரி சரி’ என்று மட்டும் சொல்லித் தலையைத் திருப்பிக்கொள்கிறீர்கள். ‘போய்ட்டு வா’ என்று சொன்னால் வாய் வலிக்குமா?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
ஷாரோன்

---

மத்திய சிறை,
14.3.2024

அன்புள்ள ஷாரோன், உன் கடிதம் கிடைத்து நான்கு பேருக்குக் காட்டினேன். இங்கே கடிதம் வந்தவன்தான் அன்றைக்கு ராஜா. இருமல் போய்விட்டது. அம்மாவை வெயிலில் மண் சுமக்க வேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, நிச்சயம் சுமப்பாள்.

இப்போது பாடம். தமிழில் எல்லா அசைக்கும் ஒரே கூலி. நாற்று நடும் வரிசை மாதிரி, எல்லோரும் சமமாகக் குனிந்து நிற்பார்கள். இங்கிலீஷ் வார்த்தையில் ஒரு அசை மட்டும் மேஸ்திரி. அது நிமிர்ந்து நின்று சத்தம் போடும், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். வெள்ளைக்காரன் காது அந்த மேஸ்திரியைத்தான் தேடும். மேஸ்திரியை இடம் மாற்றி நிறுத்தினால் எழுத்தெல்லாம் சரியாக இருந்தாலும் அவனுக்கு அது வேறு எந்த ஊர் பாஷையோ.

ஒவ்வொரு அசைக்கும் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். கறுப்பு வட்டம் மேஸ்திரி.

ஹாஸ்‑பி‑டல் ●○○
எ‑மெர்‑ஜென்‑சி ○●○○
மெ‑டி‑கே‑ஷன் ○○●○
ஆ‑ப‑ரே‑ஷன் ○○●○
எக்‑சா‑மி‑நே‑ஷன் ○○○●○

தொடையில் தாளம் தட்டிக்கொண்டே சொல். கறுப்பு வரும்போது ஓங்கித் தட்டி இழுக்க வேண்டும். வெள்ளையை விழுங்கு. வெட்கப்படாதே. வகுப்பில் இருபது பேரைத் தொடை தட்ட வைத்தால் அந்த மாடியே அதிரும், மேனேஜர் வந்து எட்டிப் பார்ப்பார்.

இந்த வட்டங்களைப் பார்த்து யாரும் தடுக்கவில்லை. இங்கே தபால் பார்க்கும் ஏட்டு வயசானவர், முத்திரை குத்துவதோடு சரி.

உன் சண்டைக்குப் பதில். இந்த வாசலில் ‘வா’ என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. விடுதலையாகிப் போகிறவனிடம் சொன்னால் மறுபடி உள்ளே வந்துவிடுவான் என்று பயம். உங்கள் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகிற நோயாளி ‘வரேன்’ என்று சொன்னால் நீ வாயைப் பொத்துவாயே, அதே கதைதான். பழக்கம் நாக்கில் ஏறிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

அயர்லாந்து எல்லாம் தூரத்துப் பேச்சு. படி, படிப்பு வீணாகாது.

உன்,
பெஞ்சமின்

---

சாலவாக்கம்,
2.4.2024

அன்புள்ள மாமாவுக்கு, சுகம், சுகமறிய ஆவல். ஈஸ்டருக்கு அத்தை கோழி அடித்தார்கள். உங்களுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டு, பிறகு அழுதுகொண்டே அதை நாங்களே சாப்பிட்டோம்.

மேஸ்திரி பாடம் அற்புதம்! உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டே போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா எழுந்து வேறு இடம் போய்விட்டார்கள். அத்தை கேட்டார்கள், ‘இன்னாடி, தனியா பேசிக்கினு கீற?’ என்று. சொல்லிக் காட்டினேன். இப்போது ஆடு வேலியைத் தாண்டினால் ‘எமெர்ஜென்சி!’ என்று கத்துகிறார்கள். கறுப்புப் புள்ளி மிகச் சரியாக விழுகிறது, சத்தியமாக.

டாக்டரம்மாவும் கவனித்துவிட்டார். ‘இன்னிக்கு நீ மெடிகேஷன் சொன்னது பளிச்சுனு இருந்துச்சு’ என்றார்.

இன்னொரு விஷயம். ஏஜென்சியில் என் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் தேர்வு. பாஸானால் அக்டோபரில் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள் திரையில் நேர்முகம் செய்வார்கள். தேறினால் டிசம்பரில் கிளம்ப வேண்டும். முதலில் மூன்று வருஷ ஒப்பந்தம், பிறகு நீட்டிக்கலாமாம். உங்கள் தண்டனை ஏழு வருஷத்தில் ஒன்றரைதானே முடிந்திருக்கிறது. இங்கேயே இருந்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது, உங்களை விட்டு எப்படிப் போவது என்று மறுநாள் தோன்றுகிறது. அத்தைதான் தீர்ப்புச் சொன்னார்கள். ‘அவன் உள்ள கீறான். நீயும் கூட சேந்து இன்னாத்துக்கு உள்ள கெடக்கணும்? போய்ப் பொழைக்கிற வழியப் பாரு. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்.’

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? போன கடிதத்தில் அதை எழுதவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும் மாமா, மறைக்கவில்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்வேன்.

அடுத்த வார்த்தைகள்: பாரசிடமால், ஆன்டிபயாடிக், டீஹைட்ரேஷன், ஃபிசியோதெரபி, டிடீரியரேஷன். கடைசி வார்த்தை நோயாளி மோசமாகிக்கொண்டே போவதற்குச் சொல்வது. தேர்வில் அடிக்கடி வருமாம்.

உங்கள்,
ஷாரோன்

---

மத்திய சிறை,
6.5.2024

ஷாரோனுக்கு, நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெயிலில் தலைவலி. போன செவ்வாய் மனுவில் நீ கேட்டதற்கு ‘எழுதறேன்’ என்றேன். எழுதுகிறேன்.

பா‑ர‑சி‑ட‑மால் ●○○○○
ஆன்‑டி‑ப‑யா‑டிக் ●○○○○
டீ‑ஹைட்‑ரே‑ஷன் ●○○○
ஃபி‑சி‑யோ‑தெ‑ர‑பி ●○○○○○
டி‑டீ‑ரி‑ய‑ரே‑ஷன் ○●○○○○

நன்றாக அழுத்திப் பழகு. ஆப்பைக் கேட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக்காரன் ஒரு மாதிரி சொல்வான், ஆஸ்திரேலியாக்காரன் ஒரு மாதிரி.

உன்னோடு வேறு யார் யார் போகிறார்கள்? திலகாவும் போகிறாளா? மற்றபடி நான் நினைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆண்டவர் சித்தம் எதுவோ அது நடக்கும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பெஞ்சமின்

---

சாலவாக்கம்,
27.6.2024

அன்புள்ள மாமாவுக்கு, அத்தை சுகம். என் சுகத்தைக் கேட்காதீர்கள்.

ரிசல்ட் வந்துவிட்டது. மூன்றில் பாஸ். பேச்சில் போய்விட்டது.

திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மா. நோயாளிபோல் அவர் பேசுவார், நான் நர்ஸாகப் பேச வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நல்ல கண். முதல் இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் போனது. பிறகு டீஹைட்ரேஷன் வந்தது. ‘சாரி?’ என்றார். நான் இன்னும் பலமாக, நீங்கள் கறுப்பு வைத்த இடத்தில் ஓங்கி அழுத்திச் சொன்னேன். மறுபடி ‘சாரி?’. அந்த அம்மா முகத்தைச் சுளிக்கவில்லை, முன்னால் சாய்ந்து என் வாயையே பார்த்தார். ஃபிசியோதெரபிக்கும் அப்படித்தான். டிடீரியரேஷன் சொல்வதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றி, மேசைக்கு அடியில் தொடையைத் தட்டித் தட்டிச் சிவந்துவிட்டது. எவ்வளவு அழுத்தினேனோ அவ்வளவுக்கு அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை மாமா. நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன். பயத்தில் இழுவை கெட்டிருக்க வேண்டும்.

ஏஜென்சிக்காரர் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 24. அதிலும் போனால் என் இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் செங்கல்பட்டில் ஞாயிறு மதிய வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஜான்சன் என்று ஒரு சார். ஆராதனை முடிந்து நேராக பஸ் ஏறிவிடுகிறேன்.

சோர்ந்துபோய் இருக்கிறேன். ஆனால் விடுவதாக இல்லை. இந்த ஐந்தையும் உடனே எழுதுங்கள்: அனஸ்தீசியா, ரிசஸிடேஷன், அப்பெண்டிசைடிஸ், ரெஸ்பான்சிபிலிட்டி, இம்மீடியட்லி.

தப்பு என்னுடையது. நீங்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஷாரோன்

---

சாலவாக்கம்,
24.7.2024

மாமாவுக்கு, நலமாக இருக்கிறீர்களா?

போன மாதம் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. லீவு கிடைக்காமல் இரண்டு செவ்வாய் தவறிப்போய், நேற்றுதான் மனு போட வந்தேன். ஜன்னலில் இருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு, ‘இவருக்கு மனு கெடையாதும்மா, விசாரணை போய்க்கினு கீது’ என்றார். என்ன விசாரணை என்று கேட்டால் ‘உள்ள கேட்டுக்கோ’ என்கிறார். உள்ளே விட்டால்தானே கேட்பதற்கு! மதியம் வரை வாசலிலேயே நின்றேன்.

யாரோடாவது சண்டை போட்டீர்களா? அந்தச் செல்போன் விவகாரத்தில் உங்கள் பெயரை இழுத்துவிட்டார்களா? அடிபட்டிருக்கிறதா? அத்தை இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு மாதத்தில் தேர்வு, எனக்குப் புத்தகத்தில் கண் நிற்கவில்லை. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். வார்த்தைகள் வராவிட்டால் பரவாயில்லை.

ஷாரோன்

---

மத்திய சிறை,
8.8.2024

அன்புள்ள ஷாரோனுக்கு, உடம்பில் ஒரு அடியும் இல்லை. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு மீதியைப் படி. மீதியைத் தனியாக இருக்கும்போது படி.

ஜூலை 5 அன்று உனக்குப் பதில் எழுதினேன். அது உன்னிடம் வரவில்லை. பழைய ஏட்டு மாறிப் போய், தபால் பார்க்க கிருஷ்ணசாமி என்று ஒரு துணை ஜெயிலர் வந்திருக்கிறார். வட்டங்களைப் பார்த்ததும் கூப்பிட்டார். ‘இன்னாடா இது? வெளிய இருந்து எது எப்ப வரணும்னு புள்ளி வெச்சி அனுப்பறியா?’ என்றார். செல்போன் பிடிபட்ட பிளாக் ஆயிற்றே. சங்கேதம் என்று முடிவு செய்துவிட்டார். நான் விளக்கினேன். ‘அப்டின்னா ஒவ்வொண்ணா படி’ என்று சொல்லி, என் கடிதத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

அனஸ்தீசியா என்று படித்தேன். எட்டு வருஷம் பழகிய வாய், அது தப்பாகச் சொல்லாது. அவர் விரல் நின்றுவிட்டது. ‘நீ அழுத்தனது மூணாவது. காயிதத்துல கறுப்பு மொதல்ல கீது. அடுத்தத படி.’ படித்தேன். அதுவும் ஒத்துவரவில்லை. ஐந்தும் ஒத்துவரவில்லை. ‘அப்ப இது இங்கிலீஷும் இல்ல, ஒண்ணும் இல்ல’ என்று சொல்லி என்னைத் தனி அறைக்கு அனுப்பி, மனுவை நிறுத்திவிட்டார். தண்டனைக் குறைப்பும் பரோலும் போய்விடும் என்றார்கள்.

ஷாரோன், அந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே தப்பாக வைத்தேன். மே மாதம் அனுப்பிய ஐந்தும் அப்படித்தான். நம் ஊர் வாய் எங்கே அழுத்துமோ அங்கேயே கறுப்பு வைத்தேன், உனக்குச் சந்தேகம் வராது என்று.

நீ தோற்க வேண்டும் என்று செய்தேன். நீ போய்விட்டால் எனக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று கிடையாது. இங்கே கிழமைகளே அந்த ஒரு நாளை வைத்துத்தான் நகர்கின்றன. ‘போகாதே’ என்று எழுதியிருக்கலாம். நீ கேட்டாயே, என்ன நினைக்கிறீர்கள் என்று. எழுதினால் நீ நின்றிருப்பாய், என்றைக்காவது அதைச் சொல்லிக் காட்டுவாய். நீயாகத் தோற்றால் யாரையும் குறை சொல்ல முடியாது. இவ்வளவு கணக்கும் போட்டேன்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் பைக் உரசியதற்கு ஒருவனைத் தள்ளினேன், அவன் தலை கல்லில் பட்டுச் செத்துப்போனான். அது கோபத்தில் கை செய்த வேலை என்று கோர்ட்டிலும் சொன்னேன், ஜெபத்திலும் சொல்லிக்கொள்கிறேன். இது அப்படியில்லை. உட்கார்ந்து யோசித்து, பேனா பிடித்துச் செய்தது. ‘நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன், தப்பு என்னுடையது’ என்று நீ எழுதியதைப் படித்த பிறகும் அடுத்த ஐந்தைத் தப்பாகவே போட்டேன். உன்னிடம் என்னால் சொல்ல முடிந்ததிலேயே கேவலம் இதுதான்.

கடைசியில் கிருஷ்ணசாமி ஐயாவிடம் உண்மையைச் சொன்னேன். நம்புவதற்கு அவருக்கு நாளாயிற்று. நேற்றுக் கூப்பிட்டு, மனுவுக்கு இனித் தடை இல்லை என்று சொல்லி என் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். ‘சங்கேதம்னா ரிப்போர்ட் எழுதிடுவேன். இதுக்கு இன்னா ரிப்போர்ட்டுடா எழுதறது?’ என்று கேட்டார். உனக்கு எழுதச் சொன்னது அவர் இல்லை. இது நானாக எழுதுவது.

பத்து வார்த்தையையும் பின்பக்கம் சரியாகப் போட்டிருக்கிறேன். ஒரு விதியும் இருக்கிறது. ‘ஷன்’ என்று முடிகிற எந்த வார்த்தைக்கும் அதற்கு முந்தின அசைதான் மேஸ்திரி. முதல் கடிதத்துக்கு அடுத்ததில் சொல்ல வைத்திருந்தேன். சொன்னால் நீயே பிடித்துவிடுவாய் என்று மறைத்தேன்.

பெஞ்சமின்

---

சாலவாக்கம்,
9.8.2024

பெஞ்சமின் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஜான்சன் சார் கரும்பலகையில் ஒரு விதி எழுதிப் போட்டார். ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தின இடத்தில் அழுத்தம். ஒருக்காலும் மாறாதாம். வீட்டுக்கு வந்து, இதுவரை என் கைக்கு வந்த உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மார்ச் மாதக் கடிதத்தில் மூன்று ‘ஷன்’, மூன்றும் சரி. மே மாதத்தில் இரண்டு ‘ஷன்’, இரண்டும் தப்பு. மீதி மூன்றையும் நேற்று சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவையும் தப்பு. தெரியாமல் போடுகிறவனுக்கு ஒன்றாவது சரியாக விழும். ஐந்துக்கு ஐந்தும் தப்பாகப் போட, சரி எது என்று தெரிந்தவனால்தான் முடியும்.

அந்த அம்மா ‘சாரி?’ என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் உன்னை நம்பி இன்னும் ஓங்கி அழுத்தினேன். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பேனே! எனக்கு அதைக்கூடச் சொல்ல உனக்குத் தைரியம் இல்லை.

அத்தையிடம் மறைக்கவில்லை. ‘அங்க குந்திக்கினே உன் வாயைக் கட்டிப்போட்டுட்டானே பாவி’ என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

மனு கிடைத்தாலும் இனி வர மாட்டேன். பதில் எழுத வேண்டாம்.

ஷாரோன்

---

சாலவாக்கம்,
19.9.2024

மாமாவுக்கு, இங்கே இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். ஜெபம் செய்வதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

பாஸாகிவிட்டேன். நாலிலும்.

உங்கள் கடிதம் எட்டாம் தேதி எழுதியது, என்னுடையது ஒன்பதாம் தேதி. இரண்டும் வழியில் ஏதோ ஒரு தபால் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கும். நான் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். என் கடிதத்தைப் பார்த்த பிறகு அதை எழுதியிருந்தால், இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பதில் எழுத வேண்டாம் என்றேன், எழுதாமல் இருந்தீர்கள். அதையும் கவனித்தேன்.

நீங்கள் திருத்தி அனுப்பிய பத்தையும் நான் நம்பவில்லை. ஒவ்வொன்றாக சாரிடம் காட்டினேன். ‘அத்தனையும் சரி, யார் போட்டது?’ என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். அதற்கு மேல் கேட்டுவிடுவாரோ என்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்தேன்.

மன்னித்தேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. பொய்யாக எழுத மாட்டேன்.

அக்டோபர் 8 நேர்முகம். குழந்தைகள் வார்டு. அவர்கள் அனுப்பிய தாளில் ஐந்து வார்த்தைகள் எந்த விதியிலும் எனக்குப் பிடிபடவில்லை: பீடியாட்ரிக், சைக்காலஜி, ஹைப்போதெர்மியா, ஃபார்மஸூட்டிக்கல், கான்ஃபிடென்ஷியாலிட்டி.

இந்த ஐந்தையும் ஜான்சன் சாரிடம் காட்டப் போவதில்லை. ஆப்பையும் திறக்கப் போவதில்லை. நீங்கள் கறுப்பு வைத்த இடத்தில் அழுத்துவேன். தப்பாக வைத்தால் தப்பாகவே சொல்வேன், வேலை போகும், இங்கேயே இருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை வர மாட்டேன். இது உங்களுக்குப் பரிசு கொடுப்பது என்று நினைக்காதீர்கள். போவதானாலும் இருப்பதானாலும், நான் யாருக்குப் பெண்டாட்டி என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஷாரோன்

---

மத்திய சிறை,
26.9.2024

அன்புள்ள ஷாரோனுக்கு, சுகம். நீ பாஸான செய்தியை பிளாக்கில் ஒவ்வொருவனிடமும் சொன்னேன். ஒருவன் சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டான்.

பீ‑டி‑யாட்‑ரிக் ○○●○
சை‑கா‑ல‑ஜி ○●○○
ஹை‑போ‑தெர்‑மி‑யா ○○●○○
ஃபார்‑ம‑ஸூ‑டி‑கல் ○○●○○
கான்‑ஃபி‑டென்‑ஷி‑யா‑லி‑டி ○○○○●○○

இதைப் போட்டுவிட்டு நானே கிருஷ்ணசாமி ஐயாவிடம் எடுத்துப் போனேன். கேட்காமலே படித்தேன். விரலை வைத்துக்கொண்டு கேட்டார். கடைசி வார்த்தையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ‘இப்ப ஒத்துக்குது’ என்று சொல்லி முத்திரை குத்தினார்.

கடைசி வார்த்தையில் நான்கு அசையை விழுங்கிவிட்டு ஐந்தாவதில் எழுந்து நிற்க வேண்டும். அவசரப்படாதே. அந்த இடம் வரும்வரை மூச்சைப் பிடித்து வை.

டிசம்பரில் நீ கிளம்பும்போது நான் இந்தப் பக்கம் இருப்பேன். அதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை நீ வந்தால் பார்ப்பேன், வராவிட்டால் கேட்க எனக்கு வாயில்லை. இந்த வாசலில் யாரும் சொல்லாத வார்த்தை ஒன்று உனக்குப் பாக்கி இருக்கிறது. மனுவில் முப்பது பேர் சத்தத்தில் அது உனக்குக் கேட்காமல் போய்விடக் கூடாது. அதனால் எழுதியே தருகிறேன்.

போய்ட்டு வா, ஷாரோன்.

உன்,
பெஞ்சமின்